உப்பு மண் அல்ல

ஒரே காலையில், ஒரே சந்தையில், ஒரே ஆளின் தொண்டையிலிருந்து மெலித்தாவுக்கு இரண்டு உத்தரவுகள் வந்தன. தம்பியைப் பொழுது சாய்வதற்குள் புதைக்காவிட்டால் தண்டனை என்றது முதல் உத்தரவு. புதைத்தால் தண்டனை என்றது இரண்டாவது. ஊர் அறிவிப்பாளன் இரண்டையும் ஒரே மூச்சில் கூவிவிட்டு, அவள் கடையிலிருந்த கருவாட்டில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான்.

மெலித்தா துறைமுகச் சந்தையில் கருவாடு விற்கிறவள். புருஷன் போய் எட்டு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. சொந்தமென்று சொல்லிக்கொள்ள இருந்தது தம்பி ஏர்கினோஸ் ஒருவன்தான், போர்க்கப்பலில் துடுப்பு வலிக்கிறவன். முந்தின நாள் காலையில் அவன் அலையோடு அலையாகக் கரை ஒதுங்கினான். விலாவில் ஒரு சாண் நீளத்துக்கு உடைந்த மரம் ஏறியிருந்தது. அக்கா மடியில் தலையை வைத்து, "தண்ணி குடுக்கா" என்று கேட்டான். அவள் குடுவையைத் திறப்பதற்குள் போய்விட்டான்.

தீவுக்காரர்களோடு நடந்த கடற்சண்டையில் எங்கள் ஊர்க் கப்பல்கள் பன்னிரண்டு மூழ்கியிருந்தன. சண்டை சூடு பிடிப்பதற்கு முன்பே தளபதி பிராக்சியாஸ் தன் கப்பலைத் திருப்பிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். அவர் வந்தது, தோல்விச் செய்தியை ஊருக்கு உடனே தெரிவிப்பதற்காக. ஏர்கினோஸ் மூழ்கிய கப்பலிலிருந்து நீந்தி வந்தான். அவன் வந்தது துரோகம். இதில் உங்களுக்கு ஏதாவது குழப்பம் என்றால், எங்கள் ஊர் மன்றத்தில் உட்கார நீங்கள் லாயக்கில்லை என்று அர்த்தம்.

மன்றம் சொன்னது இது. துடுப்பை விட்டவன் ஊரை விட்டவன். அவன் பிணம் வடக்கு வாசலுக்கு வெளியே, கல் வெட்டும் பள்ளத்தில் திறந்து கிடக்கட்டும். அதன்மேல் ஒரு பிடி மண் போடுகிறவருக்கு மரணம்.

ஆனால் அந்தப் பள்ளம் நாலாம் வட்டாரத்தில் இருக்கிறது. வட்டாரத்துக்குள் பிணம் கிடந்தால், நெருங்கிய உறவு அன்றே அடக்கம் செய்யவேண்டும் என்பது பழைய சட்டம். செய்யாத உறவுக்குக் கோவிலிலும் சந்தையிலும் இடமில்லை. வட்டாரத் தலைவர் மோஸ்கியோன் கடமை தவறாதவர். அவரும் ஓர் உத்தரவு அனுப்பிவிட்டார்.

மெலித்தா வாயைத் திறந்து ஓர் ஓலம் எடுத்தாள். பாதி ஓலத்தில் ஆர்கிப்போஸ் வந்து முன்னால் நின்றார். அவர் பெண்கள் ஒழுக்க அதிகாரி. எந்தப் பெண் எத்தனை மேலாடை போடுகிறாள், எந்தத் தெருவில் எவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறாள், செத்தவனுக்கு எத்தனை மூச்சு அழுகிறாள் என்று பார்ப்பதற்காகவே ஊர் வைத்திருக்கும் ஆள். கையில் எப்போதும் ஒரு மெல்லிய கோல் இருக்கும்.

"ஏம்மா, துரோகிக்கு அழக்கூடாதுன்னு தெரியாதா?"

"என் கூடப் பொறந்தவன்யா."

"நல்லவனா செத்திருந்தா, வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு மூணு மூச்சு அழலாம். துரோகிக்கு அதுவும் கிடையாது. கண்ணுல தண்ணி வந்தா வெங்காயம் உரிச்சேன்னு சொல்லு, நான் கண்டுக்கல. சத்தம் வந்துது, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

அவள் மீதி ஓலத்தை முழுங்கினாள். அது உள்ளே இறங்காமல் தொண்டையிலேயே நின்றது. அதற்கப்புறமும் பல நாள் அங்கேயே நின்றது.

ஒரு பிடி மண் விழாதவன், கீழுலகத்து ஆற்றைத் தாண்ட முடியாமல் இந்தக் கரையிலேயே அலைவான். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். மன்றத்துக்கும் தெரியும். தெரிந்துதான் மண்ணைத் தடுத்தார்கள். செத்தவனை இன்னொரு தடவை கொல்ல வேறு என்ன வழி இருக்கிறது?

மெலித்தா நேராக மோஸ்கியோன் வீட்டுக்குப் போனாள். அவர் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"புதைங்கறீங்க. புதைச்சா சாவுங்கறாங்க. நான் எதைத்தான்யா செய்ய?"

"ரெண்டையும் மதிக்கணும்மா."

"ரெண்டையும் எப்படிங்கய்யா மதிக்க முடியும்?"

"எப்படின்னு சொல்றது என் வேலை இல்ல. மதிக்கணும்னு சொல்றதுதான் என் வேலை." ஒரு பழத்தைப் பிளந்து உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்தார். "ஒண்ணு செய். ஒரு விண்ணப்பம் குடு. விண்ணப்பத்துக்கு முடிவு வர்ற வரைக்கும் பொழுது சாயாது."

"பொழுது சாயாதா?"

"சட்டப்படி சாயாது."

அவள் விண்ணப்பம் கொடுத்தாள். அன்று சாயங்காலம் சூரியன் வழக்கம்போல மலைக்குப் பின்னால் இறங்கியது. சட்டப்படி இறங்கவில்லை.

மறுநாள் அவள் பள்ளத்துக்குப் போனாள். கடையிலிருந்து கிளம்பும்போது கை தன்னால் உப்புப் பையைத் தூக்கிக்கொண்டது. பள்ளத்து மேட்டில் காவலுக்கு நின்றவன் கோக்கலோஸ். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பான், இருபது வருஷமாக அவள் கடையில் கருவாடு வாங்குகிறவன்.

"கிட்டப் போயிராதே அக்கா. பார்க்கறதுன்னா தூர நின்னு பாரு. பார்க்கக்கூடாதுன்னு யாரும் சொல்லல."

அவள் பார்த்தாள். தம்பி வானத்தைப் பார்த்துக் கிடந்தான். கண்ணை மூடிவிடக்கூட யாரும் இல்லை. காக்கைகள் பாறைமேல் உட்கார்ந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. கெட்டுப்போகிற ஒன்றைப் பார்த்தால் என்ன செய்யவேண்டும் என்று அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். விறுவிறுவென்று இறங்கிப் போய், பையை அவிழ்த்து, காயத்தில், அக்குளில், கழுத்தில், தலை முதல் கால் வரைக்கும் உப்பை அப்பினாள்.

"அக்கா! அக்கா! மண்ணு போடாதேன்னு சொன்னாங்கல்ல! என் தலையும் சேர்ந்து போயிரும்!"

"மண்ணாடா இது? நக்கிப் பாரு!"

கோக்கலோஸ் நக்கிப் பார்த்தான். அப்படியும் பயம் போகவில்லை. பெண்டாட்டி பிள்ளை உள்ளவன். மேலிடத்துக்குச் சொல்லிவிட்டான். அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

உப்பு மண்ணா இல்லையா என்று முடிவெடுக்க மன்றம் கூடியது. மன்றத்தில் ஐந்நூறு பேர். தலைவரைத் தினமும் காலையில் குலுக்கலில் எடுப்பார்கள். அதனால் நேற்றைய அநியாயத்துக்கு இன்றைய தலைவர் பொறுப்பில்லை, இன்றைய அநியாயத்துக்கு நாளைய தலைவர் பொறுப்பில்லை. பேச்சுக்கு நேரம் பார்க்க அடியில் ஓட்டை போட்ட தண்ணீர்ப் பானை வைத்திருப்பார்கள். பன்னிரண்டு கப்பலும் இரண்டாயிரம் ஆளும் மூழ்கியதைப் பற்றி அரைப்பானை நேரம் பேசியவர்கள், உப்பைப் பற்றி ஒன்பது பானை பேசினார்கள்.

"மலைக்கு அந்தாண்ட பாறையை வெட்டித்தான் உப்பு எடுக்கறாங்க," என்றார் ஒரு ஒல்லி மனிதர். "பாறை பொடிஞ்சா மண்ணு. ஆக, இவ தம்பியைப் புதைச்சுட்டா. கொன்னுடலாம்."

"இது கடலுப்பு," என்று எழுந்தார் ஒரு குண்டு மனிதர். "கடல் பொசெய்தோன் சாமியோடது. மண்ணு பூமித்தாயோடது. ஒரு சாமி சொத்தை இன்னொரு சாமி பேருக்கு மாத்த நமக்கு அதிகாரம் உண்டா? எந்தச் சட்டத்துல இருக்கு?"

"தண்ணியில போட்டாக் கரையுதான்னு பார்த்துடுவோம்," என்றார் இன்னொருவர்.

பக்கத்தில் இருந்த தண்ணீர் அந்தப் பானையில்தான் இருந்தது. அதில் ஒரு பிடி உப்பைப் போட்டார்கள், கரைந்தது. சரிபார்க்க ஒரு பிடி மண்ணைப் போட்டார்கள், அது ஓட்டையை அடைத்துக்கொண்டது. தண்ணீர் சொட்டுவது நின்றுபோனதால், அதற்கப்புறம் பேசினவர்களுக்கு முடிக்கவேண்டிய நேரமே வரவில்லை. மெலித்தா காலை முதல் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு முக்காலியை இழுத்துப்போட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் மன்றத்திலேயே மூத்தவர் மீதி உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடி யோசித்தார். "கருவாட்டு உப்பு. கொஞ்சம் மது கொண்டாங்க," என்றார்.

அப்போதுதான் தளபதி பிராக்சியாஸ் எழுந்தார். ஆள் நல்ல உயரம். தாடியில் எண்ணெய் மினுங்கியது.

"எதுக்கும்மா உப்பு போட்டே?"

"கெட்டுப் போகாம இருக்கத்தான்யா. வேற என்ன எனக்குத் தெரியும்?"

"கேட்டீங்களா!" என்று பிராக்சியாஸ் கையை விரித்தார். "துரோகி மூணு நாள்ல அழுகிப் போயிட்டா, நாலாம் நாள் ஜனங்க எதைப் பார்த்துப் பயப்படுவாங்க? இதை நாம யோசிச்சோமா? ஐந்நூறு பேர்ல ஒருத்தர் யோசிச்சோமா? படிக்காத ஒரு கருவாட்டுக்காரி யோசிச்சிருக்கா! தம்பி பெரிசில்ல, ஊர் பெரிசுன்னு, தன் கையாலேயே அவனை நமக்காகப் பாடம் பண்ணி வெச்சிருக்கா! இவளைத் தண்டிக்கறதா? இவளைப் பாராட்டணும்யா!"

கூழாங்கல் போட்டு வாக்கெடுத்தார்கள். உப்பு மண் அல்ல என்று முடிவானது. ஊர்ப்பற்றுக்காக அவள் தலையில் ஒலிவ இலை மகுடம் ஒன்றை வைத்தார்கள். அதைப் பிடுங்கி அந்த எண்ணெய்த் தாடியில் விட்டெறிய அவளுக்குக் கை துடித்தது. எறிந்தால் நாளைக்கு உப்பு போடமுடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப புதைக்கறதுக்கு நான் குடுத்த விண்ணப்பம்?"

"அது வேற விஷயம்மா," என்றார் அன்றைய தலைவர். "இன்னிக்கு உப்பு மட்டும்தான்."

நாலு நாள் போனது. தினமும் அவள் உப்பு கொண்டுபோனாள். ஐந்தாம் நாள் தியோனிசோஸ் திருவிழா. வசந்தத்தில் வருகிற எங்கள் ஊர் நாடகத் திருவிழாவுக்கு நிகராக எந்த ஊரிலும் கிடையாது என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். பணக்காரர்கள் ஆளுக்கொரு நாடகத்துக்குச் செலவு செய்வார்கள். மூன்று நாடகம், ஐந்து நடுவர், ஒரு பரிசு. ஜெயித்த நாடகத்தில் பிணமாகக் காட்டின வைக்கோல் பொம்மைக்கு அன்றைக்கே மேளதாளத்தோடு ஊர்வலம் எடுத்து, அரங்கை ஒட்டின தெய்வத் தோப்பில் நிஜமாகவே அடக்கம் செய்வார்கள். செலவு செய்தவர் முதல் மண் போடவேண்டும். அப்புறம் மன்றத்தார் ஒவ்வொருவரும் ஒரு பிடி. தெய்வத்துக்குக் கொடுத்ததை அப்புறம் யாரும் தோண்டக்கூடாது. தோற்ற நாடகத்துப் பொம்மை அடுப்பெரிக்கப் போகும்.

திருவிழாவன்று ஊரில் ஓர் ஆள் பாக்கியில்லாமல் அரங்கில் இருக்கவேண்டும், காவலாளிகள் எல்லாரும் மேடைக்குப் பின்னால் வேலை பார்க்கவேண்டும் என்று உத்தரவு. துரோகியின் பிணத்தை விட்டுக் காவலாளி கண்ணை எடுக்கக்கூடாது என்றும் ஏற்கெனவே உத்தரவு. கோக்கலோஸ் தலையைச் சொறிந்துகொண்டு மோஸ்கியோனிடம் போய்க் கேட்டான்.

"ரெண்டையும் மதி," என்றார் மோஸ்கியோன்.

காலையில் கோக்கலோஸ் மெலித்தாவின் கடை முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, உன் தள்ளுவண்டியைக் கொஞ்சம் குடு."

"எதுக்குடா?"

"உன் தம்பியை நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்."

அவள் கை ஓங்கினாள். அவன் நகரவில்லை.

"அடிக்கறதுன்னா அடிச்சுக்கோ. கண்ணை எடுக்கவும் கூடாது, அரங்குக்கு வரவும் வேணும்னா நான் வேற என்னதான் செய்வேன்? மேடைக்குப் பின்னால ஒரு மூலையில போட்டுக்கறேன். இன்னிக்குச் சக்கரப் பலகையைத் தள்றதும் நான்தான். தளபதி நாடகத்துல பொம்மைப் பிணத்தை அதுலதான் ஏத்திக் கொண்டாரணும்."

மெலித்தாவின் ஓங்கின கை அப்படியே நின்றது.

"என்ன நாடகம்டா அது?"

"யாரோ ஒரு கொடுங்கோல் ராஜா. ஒரு தாய்க்காரி மகன் பொணத்தைக் கேட்டு அழறாளாம். அவன் குடுக்கமாட்டேங்கறானாம்."

"அப்படியா," என்றாள் மெலித்தா. "கோக்கலா, நீ எதையும் பார்க்கவேண்டாம். நான் சொல்றப்ப ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிக்கோ, போதும்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. "கண்ணை எடுக்கக்கூடாதுன்னு உத்தரவுக்கா," என்றான். அப்புறம், "ஆனா கண்ணுல தூசி விழுந்தா என்ன செய்யணும்னு உத்தரவுல இல்ல," என்றான்.

இருவரும் கருவாட்டு வண்டியில் கப்பல் பாய்த்துணியைப் போர்த்தி ஏர்கினோஸை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். வாசலில் காவல் இல்லை. தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லாரும் கடமை தவறாமல் அரங்கில் இருந்தார்கள்.

மேடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் பொம்மை தயாராகக் கிடந்தது. மற்ற காவலாளிகள் முதல் நாடகத்து வேலையில் இருந்தார்கள். மெழுகு முகமூடி, செந்நீலக் கோடித்துணி, பக்கத்தில் தேன் பணியாரம், ஒரு ஜாடி மது. எல்லாம் பிராக்சியாஸ் உபயம். கோக்கலோஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி நின்றான். மெலித்தா அந்த மதுவை ஊற்றித் தம்பியின் முகத்திலிருந்த உப்பைக் கழுவினாள். கண்ணை மூடிவிட்டாள், அது மூட மாட்டேன் என்றது, அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடப் பிறந்தவள் வீட்டில் வைத்து, வாசனை எண்ணெய் தடவி, மாரடித்துச் செய்யவேண்டியதையெல்லாம் கொட்டகையில் திருடி மாதிரி செய்யவேண்டியிருக்கிறதே என்று நினைத்தாள். தளபதியின் துணியை எடுத்து அவனுக்குச் சுற்றினாள். தளபதியின் பணியாரத்தை அவன் கையில் வைத்தாள். மெழுகு முகத்தை அவன் முகத்தின்மேல் கட்டினாள். வைக்கோல் பொம்மை பாய்த்துணிக்குள் போனது.

அவளுக்கு இப்போது ஒரு காரியம் ஆகவேண்டும். அந்த பிராக்சியாஸ் நாடகம் ஜெயிக்கவேண்டும். தம்பியைக் காக்கைக்குப் போட்டவன் தலையில் பரிசு ஏறவேண்டும் என்று, கருவாட்டுக் கூடையோடு அரங்கின் மேல்வரிசையில் நின்று, தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டாள். எந்தச் சாமியிடம் இதைச் சொல்லி முறையிடுவது?

எங்கள் ஊர் நாடகத்தில் கொடுங்கோலன் எப்போதும் பக்கத்து ஊர்க்காரன்தான். அன்றைக்கும் அப்படித்தான். ராஜா வேஷக்காரன் உயரக் கட்டை காலணியில் நின்று, "சட்டம்! சட்டம்!" என்று கத்தினான். தாய் வேஷக்காரன், "ஒரு பிடி மண்ணைத் தவிர உன்னிடம் என்ன கேட்டேன்?" என்று கையேந்தினான். சக்கரப் பலகை கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. முன்வரிசைக் கல்லாசனங்களில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்த மன்றத்தார் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். மோஸ்கியோனின் தாடி நனைந்து சொட்டியது. ஆர்கிப்போஸ் அழுத சத்தத்தில் பாட்டுக் குழுவின் பாட்டே கேட்கவில்லை. ஆண்கள் அரங்கில் அழுவதற்கு அளவு கிடையாது.

நடுவர்கள் வாக்கைச் சொன்னார்கள். பிராக்சியாஸுக்கு இரண்டு, இன்னொரு நாடகத்துக்கு இரண்டு. ஐந்தாவது நடுவர் பாதி நாடகம் தூங்கினவர். மெலித்தாவின் கூடை கையிலிருந்து நழுவியது. ஐந்தாவது நடுவர் எழுந்து நின்று மூக்கைத் துடைத்தார்.

"நாப்பது வருஷமா மேடையில பொணம் பார்க்கறேன். பொணம் வந்ததும் எனக்கு முழிப்பு வந்துது பாருங்க, இன்னிக்குத்தான் முதல் தடவை. அந்த நாத்தம்! வயித்தைப் புரட்டிடுச்சு! கலைன்னா இதுதான்யா!"

பிராக்சியாஸ் ஜெயித்தார். ஐந்து நாள் உப்பாலும் அடக்கமுடியாத ஏர்கினோஸின் வாசனைதான் அவனுக்கு வழி விட்டது.

ஊர்வலம் கிளம்பியது. பாடையின் முன்கோடியில் பிராக்சியாஸே தோள் கொடுத்தார்.

"என்னப்பா இது, இப்படிக் கனக்குது?"

"தளபதி ஐயா குடுத்ததாச்சே," என்றான் பின்கோடியில் இருந்த கோக்கலோஸ். "வெறும் வைக்கோலையா வெச்சுத் தருவாங்க?"

பிராக்சியாஸுக்குப் பெருமை தாங்கவில்லை. குழிக்குப் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தார்.

"மக்களே! ஒரு தாய்க்கு மகன் உடம்பைக் குடுக்காத ஊரும் ஒரு ஊரா? பொணத்தோட சண்டை போடறவனும் ஒரு வீரனா? செத்தவனைக் கண்டு பயப்படற ராஜா, உயிரோட இருக்கறவனை எப்படி எதிர்ப்பான்? ஓடித்தான் போவான்! நம்ம ஊர்ல இப்படி நடக்குமா?"

"நடக்காது!" என்றது ஊர்.

"நடக்க விடுவோமா?"

"விடமாட்டோம்!"

மெலித்தா கூட்டத்தின் கடைசியில் நின்றாள். கத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஆள் நின்ற இடத்திலேயே நாறியிருப்பான். மண் இன்னும் விழவில்லை. அவள் நாக்கை இரத்தம் வரும்வரை கடித்துக்கொண்டாள். பிராக்சியாஸ் குனிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று பிடி மண் அள்ளிப் போட்டார். மன்றத்தார் ஐந்நூறு பேரும் வரிசையாக வந்து ஆளுக்கொரு பிடி போட்டார்கள். மோஸ்கியோன் இரண்டு பிடி போட்டார்.

போய்ச் சேர்ந்துடுடா, தாண்டிப் போயிடு, என்று அவள் மனசுக்குள் சொன்னாள்.

மறுநாள் மோஸ்கியோன் பள்ளத்தைப் பார்வையிட வந்தார். கோக்கலோஸ் வண்டியில் திரும்பக் கொண்டுவந்து போட்ட பாய்த்துணியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான். எங்கிருந்தோ வந்த ஒரு ஆடு துரோகியின் காலைத் தின்றுகொண்டிருந்தது.

மன்றம் அவசரமாகக் கூடியது. கதவுகளைச் சாத்தினார்கள். பள்ளத்தில் கிடப்பது வைக்கோல் என்றால், தோப்பில் கிடப்பது யார் என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் அவரைக் கோபமாகப் பார்த்தார்கள். ஒல்லி மனிதர் சட்டத்தை எடுத்து வாசித்தார். ஏர்கினோஸ்மேல் ஒரு பிடி மண் போடுகிறவருக்கு மரணம். பிராக்சியாஸின் தாடியிலிருந்து எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து வழிந்தது. மற்றவர்கள் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். நகக்கண்ணில் இன்னும் மண் இருந்தது. அன்றைய தண்ணீர்ப் பானை பாதிகூடக் காலியாகவில்லை. அதற்குள் ஒரே மனதாக முடிவெடுத்து, கல்லில் செதுக்கி, சந்தையில் நட்டுவிட்டார்கள்.

பள்ளத்தில் கிடப்பது ஏர்கினோஸ். தோப்பில் கிடப்பது வைக்கோல். வேறுவிதமாகச் சொல்பவர் துரோகி.

மனித மாமிசம் தின்ற குற்றத்துக்காக ஆட்டை விசாரித்து எல்லைக்கு வெளியே துரத்தினார்கள். வைக்கோலுக்குக் காவலாக கோக்கலோஸையே நிரந்தரமாகப் போட்டார்கள். மெலித்தாவின் விண்ணப்பத்தை மட்டும் தொடவே இல்லை. சட்டப்படி இன்றுவரை எங்கள் ஊரில் அவளுக்குப் பொழுது சாயவில்லை.

கல் நட்ட அன்றைக்கே அவள் தோப்புக்குப் போனாள். புது மண் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். தொண்டையில் நின்றது மேலே ஏறியது. பின்னால் கோல் தட்டும் சத்தம் கேட்டது. ஆர்கிப்போஸ்.

"யாருக்கும்மா அழப்போறே?"

அவள் திரும்பவில்லை. "இங்க யாருய்யா இருக்கா? கல்லுல என்ன எழுதியிருக்கு?"

"வைக்கோல்னு."

"அதுக்குத்தான் அழப்போறேன்."

"பொம்மைக்கா?"

"பொம்மைக்குத்தான். நேத்து நீங்க அழலியா? உங்களைவிட நான் குறைஞ்சவளா?"

ஆர்கிப்போஸ் யோசித்தார். தாய்க்கு இத்தனை மூச்சு, புருஷனுக்கு இத்தனை, துரோகிக்கு இல்லவே இல்லை என்று சட்டம் முழுவதையும் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். பொம்மைக்கு எந்த அளவும் இல்லை.

"சத்தமா அழலாமாய்யா?"

"அழலாம். தடை இல்ல."

"மாரடிச்சு?"

"அதுவும்தான்."

"பேரு சொல்லி?"

"பொம்மைக்கு ஏதும்மா பேரு?"

"நான் ஒண்ணு வெச்சிருக்கேன்."

அவருக்கு மனசு இளகிவிட்டது. "கலையை இப்படி ரசிக்கற பொம்பளையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. நீ அழும்மா. எவ்வளவு வேணும்னாலும் அழு."

மெலித்தா கூந்தலை அவிழ்த்தாள். சந்தையில் பாதியில் நின்ற ஓலத்தை, நின்ற இடத்திலிருந்தே எடுத்தாள். "ஏர்கினா! என் கூடப் பொறந்தவனே! தண்ணி கேட்டியேடா!" என்று அவள் மார்பில் அறைந்துகொண்டு கத்தினது துறைமுகம் வரைக்கும் கேட்டது. வடக்கு வாசலுக்கு வெளியே வைக்கோலுக்குக் காவல் நின்ற கோக்கலோஸ் தலைக்கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். பிராக்சியாஸ் வீட்டில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். யாரும் எதுவும் சொல்ல முடியவில்லை. சொன்னால் துரோகி என்று கல்லே சொல்கிறது.

ஆர்கிப்போஸ் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாடகத்தில் அழுத மாதிரியே அவளோடு சேர்ந்து அழ ஆரம்பித்தார். அவள் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.